இரட்டைப் பிராம்: இல்லாத இரண்டாவது ஆள்

இரட்டைப் பிராம் வாங்க உதவும் வழிகாட்டிகளில் தவறாமல் வருகிற ஒரு சொல், 'வளரும் குடும்பம்'. கொல்லையில் நட்ட முருங்கை மாதிரி குடும்பம் தானாகவே வளர்கிறது போலும். யார் சுமந்தாள், யார் பெற்றாள், யார் ராத்திரி எழுந்து பால் கொடுக்கப்போகிறாள் என்பதெல்லாம் அதில் இல்லை. மூன்று மாதமாக இந்த வழிகாட்டிகளையும் விலைப்பட்டியல்களையும் விளம்பரங்களையும், ஒரு கதையை விமர்சனத்துக்காக வாசிப்பது போல வரிவரியாக வாசித்து வருகிறேன். தேவைதான் காரணம். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். மூத்தவளுக்கு இப்போது பதினைந்து மாதம். அடுத்தது பிறக்கும்போது அவளுக்குப் பதினெட்டு மாதம் ஆகியிருக்கும். வீட்டுக்குள் ஓடுவாள். ஆனால் பேருந்து போகிற சாலையில் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போகிற வயது இல்லை.

ஊரில் இருந்து வாசிக்கிற தோழிகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். பிராம் என்பது குழந்தையைப் படுக்க வைத்தோ உட்கார வைத்தோ பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிற வண்டி. தமிழில் தள்ளுவண்டி என்று எழுதினால் கத்தரிக்காயும் தக்காளியும்தான் கண்முன் வருகின்றன. அதனால் பிராம் என்றே எழுதுகிறேன். இரட்டைப் பிராமில் இரண்டு இருக்கைகள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தது ஒரு வகை, ஒன்றன்பின் ஒன்றாக வைத்தது இன்னொரு வகை. ஒற்றை வண்டியாக வாங்கி, அடுத்த குழந்தை பிறந்ததும் இன்னொரு இருக்கையைச் சேர்த்துக்கொள்வது மூன்றாவது வகை.

எதை வாங்குவது என்பதற்கு வழிகாட்டிகள் நான்கு கேள்விகளைத் தருகின்றன. எவ்வளவு அகலம்? எப்படி மடிகிறது? எவ்வளவு எடை? என்ன விலை? நானும் இந்த நான்கையும்தான் கேட்டேன், வேறு வழியில்லை. ஆனால் இந்த நான்குக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை எந்த வழிகாட்டியும் கேட்பதில்லை. இரண்டு சின்னக் குழந்தைகளோடு வெளியே போகிறபோது பெரியவர் ஒருவர் மட்டும் இருப்பது ஏன்? இரட்டைப் பிராமை இரண்டு குழந்தைகளுக்கான வண்டி என்கிறார்கள். எனக்கு அது இரண்டாவது பெரியவர் இல்லாத வீட்டுக்கான வண்டியாகத்தான் தெரிகிறது. இந்தக் கட்டுரையின் வாதம் அவ்வளவுதான்.

தள்ளுகிற கை

பிராமின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக 1733-லிருந்து தொடங்குவார்கள். அந்த ஆண்டு வில்லியம் கென்ட் என்ற கட்டடக் கலைஞர், டெவன்ஷயரின் மூன்றாம் டியூக்கின் குழந்தைகளுக்காக ஒரு குட்டித் தேரை வடிவமைத்தார். அதை இழுக்க வேண்டியது ஓர் ஆடு, அல்லது மட்டக்குதிரை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வண்டிக்குப் பின்னால் கைப்பிடி வந்தது. விலங்கின் இடத்துக்கு மனிதர் வந்தார். அந்த மனிதர் பெரும்பாலும் சம்பளத்துக்கு வேலை செய்கிற பெண். 1877-ல் லீட்ஸில் வில்லியம் வில்சன் தொடங்கிய சில்வர் கிராஸ் நிறுவனத்தின் பிராம்கள் பின்னாளில் அரச குடும்பம் வரை போயின. அந்தக் காலத்துப் பிராம்களில் குழந்தைக்குக் குலுங்கல் தெரியாதபடி வில்லுகள் இருந்தன, வெயில் படாதபடி கூரை இருந்தது. தள்ளுகிறவளின் முதுகைப் பற்றிய கவலை அந்த வடிவமைப்பில் இல்லை. வாங்குகிறவர் ஒருவர், தள்ளுகிறவர் வேறொருவர் என்றால் அப்படித்தான் இருக்கும்.

பிரிட்டிஷ் குழந்தைகளைச் சுமந்த கைகளில் நம் பக்கத்துக் கைகளும் உண்டு. இந்தியாவிலிருந்து கப்பலில் வெள்ளைக்காரக் குடும்பங்களோடு வந்த ஆயாக்களில் பலர், லண்டன் வந்து சேர்ந்ததும் வேலை முடிந்ததென்று கைவிடப்பட்டார்கள். அவர்கள் தங்க ஹாக்னியில் கிங் எட்வர்ட்ஸ் சாலையில் ஓர் இல்லம் இருந்தது. 2022-ல்தான் அந்தக் கட்டடத்துக்கு நீலப் பலகை கிடைத்தது. நான் இருக்கிற இடத்திலிருந்து பேருந்தில் போய்விடக்கூடிய தூரம். அடுத்தவர் குழந்தையைக் கடல் தாண்டித் தூக்கி வந்த பெண்ணுக்குத் திரும்பிப் போக டிக்கெட் யார் தருவது என்பதே முடிவாகாமல் இருந்த காலம் அது.

இருபதாம் நூற்றாண்டில் நடுத்தர வர்க்க வீடுகளிலிருந்து பணிப்பெண் போய்விட்டாள். கைப்பிடி தாயின் கைக்கு வந்தது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-ல் வெளியிட்ட 'மோர் வொர்க் ஃபார் மதர்' நூலின் வாதம் இங்கே நன்றாகப் பொருந்துகிறது. வீட்டுக்குள் வந்த இயந்திரங்கள் ஆண்களும் பிள்ளைகளும் வேலைக்காரரும் செய்துவந்த பங்கை இல்லாமல் ஆக்கின. மிஞ்சியதெல்லாம் தாய் ஒருத்தியின் தலையில் வந்து சேர்ந்தது. அவர் சலவை இயந்திரத்தையும் அடுப்பையும் வைத்துச் சொன்னதை நான் இரட்டைப் பிராமுக்கும் நீட்டிப் பார்க்கிறேன். முன்பு இரண்டு பேர் தேவைப்பட்ட வேலையை இப்போது ஒருத்தி செய்யலாம். செய்ய முடியும் என்று ஆனபிறகு, செய்துதான் ஆகவேண்டும் என்றாகிவிடுகிறது.

அம்மாவிடம் ஃபோனில் இதைச் சொன்னபோது சிரித்தார். "ரெட்டை வண்டி எதுக்குடி? உன்னையும் உன் தம்பியையும் நான் எந்த வண்டியில வச்சுத் தள்ளினேன்?"

"தம்பி உன் இடுப்புல இருந்தான். நான் யாரு இடுப்புல இருந்தேன்?"

"உங்க சித்திதான் வச்சிருப்பா."

"அப்போ சித்திக்கு என்ன வயசும்மா?"

அம்மா கொஞ்சம் கணக்குப் போட்டுவிட்டு, "பதிமூணு இருக்கும்" என்றார். சித்தி எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவர். அதற்கும் எங்களைத் தூக்கி வளர்த்ததற்கும் தொடர்பு உண்டென்று எங்கள் வீட்டில் யாரும் இதுவரை சொன்னதில்லை.

அதனால் 'நம் ஊரில் பிராம் எல்லாம் எதற்கு, கூட்டுக் குடும்பத்தில் குழந்தை தானாக வளர்ந்துவிடும்' என்று யாராவது சொன்னால் எனக்குச் சித்தியின் ஞாபகம்தான் வருகிறது. இடுப்பும் ஒரு வாகனம்தான். பல வீடுகளில் அந்த வாகனம் ஒரு சிறுமியாக இருந்தது. பிள்ளைத்தமிழில் ஆண் குழந்தைக்குச் சிறுதேர்ப் பருவம் உண்டு, பெண் குழந்தைக்கு ஊசல் பருவம் உண்டு. பிள்ளையைச் சுமக்கிறவளுக்கென்று ஒரு பருவம் இல்லை. இரண்டாவது ஆள் வேண்டும் என்று நான் கேட்பது, இன்னொரு சித்தி வேண்டும் என்ற பொருளில் அல்ல.

அகலம்

பக்கத்தில் பக்கத்தில் இருக்கைகள் உள்ள வண்டிகள் பெரும்பாலும் 74 முதல் 80 சென்டிமீட்டர் வரை அகலம். முன்பின்னாக உள்ளவை ஒற்றை வண்டியின் அகலத்துக்குள், 60 முதல் 65-க்குள் அடங்கிவிடும். முதல் வகையில் இரண்டு குழந்தைகளுக்கும் வானமும் மரமும் ஒரே மாதிரி தெரியும். இரண்டாவது வகையில் பின்னால் இருப்பவருக்கு முன்னிருக்கையின் முதுகுதான் காட்சி. வழிகாட்டிகள் இதை உடன்பிறப்புகளுக்கு இடையிலான நியாயமாகப் பேசுகின்றன. எந்தக் குழந்தையையும் பின்னால் தள்ளிவிடாதீர்கள் என்று தாயின் மனசாட்சியைத் தொடுகின்றன.

டேப்பை எடுத்து அளந்தேன். எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தால் கிடைக்கும் இடம் 73 சென்டிமீட்டர். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நம் மளிகைக் கடைகளில் இரண்டு பக்கமும் அரிசி மூட்டை அடுக்கியிருப்பார்கள். நடுவில் மிஞ்சுவது எழுபது இருந்தால் அதிகம். ஆக, என் குழந்தைகளில் யார் வானத்தைப் பார்ப்பது என்பதை முடிவு செய்தது என் மனசாட்சி அல்ல, கதவு.

பூகபூ என்ற டச்சு நிறுவனம் 2011-ல் கொண்டுவந்த வண்டி ஒன்று ஒற்றையாக இருக்கும்போது 60 சென்டிமீட்டர், இரட்டையாக விரித்தால் 74. பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற வகைகளில் ஒல்லியானது என்று இதைப் புகழ்கிறார்கள். நல்ல பொறியியல்தான். அதன் பெயர் 'டாங்கி', கழுதை. பொதி சுமக்கும் விலங்கின் பெயரை வண்டிக்கு வைத்திருக்கிறார்கள். படியில் அந்தக் கழுதையைத் தூக்குகிறவளுக்கு என்ன பெயர் என்று நான் யோசித்ததுண்டு.

அகலத்தைப் பற்றிச் சட்டம் பேசுகிற இடம் ஒன்று உண்டு. பிரிட்டனில் பேருந்துகளுக்கான அணுகல் விதிகள் 2000-ல் வந்தன. சக்கர நாற்காலிக்கான இடம் 130 சென்டிமீட்டர் நீளம், 75 சென்டிமீட்டர் அகலத்துக்குக் குறையக் கூடாது என்று அவை சொல்கின்றன. இந்த அளவு யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்தது அல்ல. 1990களில் மாற்றுத்திறனாளிப் போராளிகள் லண்டன் வீதிகளில் பேருந்துகளோடு தங்களைக் கைவிலங்கால் பிணைத்துக்கொண்டு போராடிப் பெற்றது. இரண்டு குழந்தைகளோடு ஏறுகிற பெண்ணுக்கு என்று அந்த விதிகளில் ஓர் அளவு கிடையாது. அவர்கள் வென்ற தாழ்தளப் பேருந்தில்தான் இன்று நாமும் பிராமை உருட்டி ஏற்றுகிறோம்.

மடிப்பு

மடிகிற வண்டி வந்தது 1965-ல். ஓய்வு பெற்ற விமானப் பொறியாளர் ஓவன் மெக்லாரன், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரப் பகுதியில் வேலை செய்த அனுபவத்தை வைத்து, அலுமினியக் குழாய்களால் குடை மாதிரி மடிகிற ஒரு வண்டியைச் செய்தார். மூன்று கிலோவுக்கும் குறைவு. மகள் பேரக்குழந்தையோடு கனமான பிராமில் திண்டாடியதைப் பார்த்துச் செய்ததாகச் சொல்வார்கள். தள்ளுகிறவளின் உடம்பை நினைத்துச் செய்த வண்டி என்று அதைச் சொல்லலாம். லட்சக்கணக்கான பெண்களை அது வீட்டைவிட்டு வெளியே கொண்டுவந்தது.

ஆனால் மடிக்க முடியும் என்று ஆனதும், மடிப்பது தாயின் கடமை ஆகிவிட்டது. 'ஒரே கையால் மடிக்கலாம்' என்று விளம்பரங்கள் சொல்கின்றன. படத்தில் ஒரு பெண் ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறு கையால் மடித்துக்காட்டுகிறாள். இரட்டைப் பிராம் விளம்பரத்திலும் இதே படம். ஒரு கை வண்டிக்கு, ஒரு கை ஒரு குழந்தைக்கு. இன்னொரு குழந்தை எங்கே? படத்தின் சட்டகத்துக்கு வெளியே யாரோ அதை வைத்திருக்கிறார்கள். நான் சொல்கிற இரண்டாவது ஆள் அங்கேதான் நிற்கிறார்.

மடிப்பு எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. 2012 பிப்ரவரியில் டக் பாலி என்பவர் சக்கர நாற்காலியில் வெதர்பியிலிருந்து லீட்ஸுக்குப் போகப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தார. சக்கர நாற்காலிக்கான இடத்தில் ஒரு பெண், தூங்குகிற குழந்தையோடு பிராமை நிறுத்தியிருந்தார். ஓட்டுநர் நகரச் சொன்னார். வண்டி மடியாது என்று அந்தப் பெண் மறுத்துவிட்டார். பாலி ஏற முடியவில்லை. ஃபர்ஸ்ட்குரூப் நிறுவனத்தின் மீது அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. ஓட்டுநர் ஒருமுறை கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது போதாது, நியாயமில்லாமல் மறுக்கிறவரை நகரவைக்க மேலும் முயல வேண்டும் என்றது நீதிமன்றம். வலுக்கட்டாயமாக இறக்கிவிட வேண்டும் என்ற அளவுக்குப் போகவில்லை.

ஊடகங்களுக்கு இது 'சக்கர நாற்காலியா, பிராமா' என்ற சண்டை. என் நிலைப்பாட்டில் தயக்கம் இல்லை. அந்த இடம் சக்கர நாற்காலிக்கு உரியது, நாம் விட்டுத்தான் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் போராடி வாங்கிய இடத்தைத் தாய்மையின் பெயரால் எடுத்துக்கொள்வது பெண்ணியம் ஆகாது. ஆனால் ஐந்து ஆண்டு நடந்த அந்த விவாதத்தில், ஒரு பேருந்தில் இப்படி ஒரே ஓர் இடம் ஏன் இருக்க வேண்டும் என்று கேட்டவர்கள் குறைவு. உருளும் சக்கரத்தோடு வருகிற இரண்டு பேர் அந்த ஓர் இடத்துக்கு மோதிக்கொள்ளும்படி வைத்தது யார் என்ற கேள்வியை, அந்த இருவரும் சேர்ந்துதான் கேட்க வேண்டும்.

எடை

இரட்டைப் பிராமின் எடை சுமார் 13 முதல் 16 கிலோ. மூத்தவள் 11 கிலோ இருப்பாள். பிறந்த குழந்தை மூன்றரை. எங்கள் கட்டடத்தில் 34 படிகள்.

புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஒரு படகில் அக்கரை சேர்க்கிற விடுகதை எல்லோருக்கும் தெரியும். எதை எதோடு தனியே விடக்கூடாது என்பதுதான் புதிர். இரண்டு குழந்தைகளும் ஒரு பிராமுமாக மாடிப்படியின் அடியில் நிற்கிறவளுக்கும் அதே புதிர்தான். கைக்குழந்தையை மேலே விட்டுவிட்டு இறங்கினால் அது தனியாக இருக்கிறது. மூத்தவளைக் கீழே விட்டால் அவள் தெருவுக்கு ஓடிவிடுவாள். வண்டியைக் கீழே விட்டால் திருட்டுப்போகும். படகோட்டிக்குப் படகாவது இருந்தது.

தரைத்தளத்தில் இருக்கிற யாழ்ப்பாணத்து அக்கா என் விலைப்பட்டியல்களைப் பார்த்துவிட்டுச் சொன்னது எந்த வழிகாட்டியிலும் இல்லை: "பிள்ளை, வண்டியைப் பார்க்க முதல் உங்கட படியைப் பாருங்கோ."

கீழே நடையில் நிறுத்தலாம் என்றால் அதற்கும் தடை. தீ விபத்து ஏற்பட்டால் எல்லோரும் வெளியேற வேண்டிய பாதை அது. 2005-ஆம் ஆண்டுத் தீப் பாதுகாப்பு ஆணைப்படி அதை அடைக்காமல் வைத்திருப்பது கட்டடப் பொறுப்பாளரின் கடமை. 2017-ல் கிரென்ஃபெல் கட்டடத் தீயில் 72 பேர் இறந்த நகரத்தில் இந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடையில் வைக்காதே என்கிற அறிவிப்பை ஒட்டுகிறவர்கள், வேறு எங்கே வைப்பது என்று ஒருபோதும் எழுதுவதில்லை.

நடையில் நிற்கிற பிராமுக்கு ஆங்கில இலக்கியத்திலும் ஒரு கெட்ட பெயர் உண்டு. சிரில் கானலி என்ற விமர்சகர் 1938-ல் வந்த தன் 'எனிமீஸ் ஆஃப் பிராமிஸ்' நூலில், நல்ல கலையின் பகைகளில் ஒன்றாக வீட்டு நடையில் நிற்கும் பிராமைச் சொன்னார். அப்போது அவருக்குக் குழந்தை கிடையாது. இன்றுவரை எழுத்தாளர்கள் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அவர் மனதில் இருந்த எழுத்தாளன் அந்தப் பிராமைத் தாண்டிப் போய்த் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளக்கூடியவன். பிராமை வெளியே எடுத்துக்கொண்டு போனவள் அந்த வாக்கியத்தில் இல்லை. அவள் குழந்தையோடு வெளியே போனதால்தான் வீடு அமைதியாக இருந்தது, அவன் எழுதினான். பிராமைக் கலையின் பகை என்பதைவிட, பல ஆண் எழுத்தாளர்களுக்கு அது கிடைத்த மௌனமான மானியம் என்று சொல்வதே பொருத்தம்.

விலை

புது இரட்டைப் பிராம் நூற்றைம்பது பவுண்டிலிருந்து கிடைக்கிறது. ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டியும் போகிறது. குறைந்த விலை வண்டிகள் பெரும்பாலும் அகலமானவை, சக்கரம் சிறியவை. ஒல்லியாக, லேசாக, சுலபமாக மடிய வேண்டும் என்றால் காசு கூடும். சின்னக் கதவும் லிஃப்ட் இல்லாத மாடியும் உள்ளவர்களுக்குத்தான் அந்த விலை உயர்ந்த வண்டி தேவை. அகலமான கதவும் வாசலில் காரும் உள்ளவர்களுக்கு எந்த வண்டியும் போதும்.

அரசு என்ன செய்கிறது என்று பார்த்தேன். இங்கிலாந்தில் குறைந்த வருமானத்தில் குறிப்பிட்ட உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்கு, குழந்தை பிறக்கும்போது 500 பவுண்டு ஒருமுறை மானியம் உண்டு. 2011-லிருந்து அது பொதுவாக முதல் குழந்தைக்கு மட்டும்தான். இரட்டைக் குழந்தை மாதிரிச் சில விலக்குகள் இருக்கின்றன. இரண்டாவது குழந்தைக்கு வேண்டியதெல்லாம் முதல் குழந்தையிடமிருந்து மிஞ்சியிருக்கும் என்பது இதன் கணக்கு. தொட்டில் மிஞ்சும், சட்டை மிஞ்சும். ஆனால் இரட்டைப் பிராம் மிஞ்சுமா? இரண்டாவது குழந்தை வந்தால் மட்டுமே தேவைப்படுகிற பொருள் அது. ஸ்காட்லாந்தில் 2018 முதல் அடுத்த குழந்தைகளுக்கும் ஒரு தொகை தருகிறார்கள், முதல் குழந்தைக்குத் தருவதைவிடக் குறைவாக. விசாவில் 'பொது நிதி கிடையாது' என்ற நிபந்தனையோடு வாழ்கிற நம் பெண்கள் பலருக்கு இந்தப் பேச்சே பொருந்தாது.

வரியையும் சேர்த்துப் பாருங்கள். பிரிட்டனில் குழந்தைகளின் உடைக்கு மதிப்புக் கூட்டு வரி இல்லை. காரில் பொருத்தும் குழந்தை இருக்கைக்கு 5 விழுக்காடு. பிராமுக்கு 20. காரில் போகிற குழந்தைக்குச் சலுகை தருகிற நாடு, நடந்து போகிற தாயிடம் முழு வரியையும் வாங்கிக்கொள்கிறது.

கேட்க வேண்டிய கேள்வி

இந்த நான்கு கேள்விகளையும் வேறு ஆட்களிடம் கேட்ட நகரம் ஒன்று இருக்கிறது. வியன்னாவில் 1991-ல் ஈவா காயில் முதலிய திட்டமிடலாளர்கள், பெண்கள் நகரத்தில் தங்கள் நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்று ஒரு புகைப்படக் கண்காட்சி வைத்தார்கள். அதைத் தொடர்ந்து பெண் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த 'ஃபிராவன் வெர்க் ஷ்டாட்' குடியிருப்பு 1997-ல் முடிந்தது. 357 வீடுகள். ஒவ்வொரு தளத்திலும் பிராம் நிறுத்த இடம், அகலமான மாடிப்படி, வளாகத்துக்குள்ளேயே குழந்தைகள் பள்ளி. அங்கே 'எந்தப் பிராம் இந்தப் படியில் ஏறும்' என்று தாயிடம் யாரும் கேட்கவில்லை. 'பிராமோடு வருகிறவளுக்கு எப்படிப்பட்ட படி வேண்டும்' என்று கட்டுகிறவரிடம் கேட்டார்கள்.

ஆனால் கட்டடம் மட்டும் போதாது. இரண்டாவது ஆள் எங்கே என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. இந்த நாட்டில் சட்டப்படி தந்தைக்குக் கிடைக்கிற பேறுகால விடுப்பு இரண்டு வாரம். தாய்க்கு 52 வாரம் வரை. மிச்சம் ஐம்பது வாரமும் படிக்கட்டில் யார் நிற்பாள் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன. ஸ்பெயினில் 2021 முதல் தாய்க்கும் தந்தைக்கும் சமமாகப் பதினாறு வாரம், பிறகு அதையும் கூட்டியிருக்கிறார்கள். என் அம்மா மூத்தவள் பிறந்தபோது வந்திருந்தார். பார்வையாளர் விசாவில் ஒரு வருகைக்கு ஆறு மாதம்தான். வழிகாட்டிகளில் தந்தை வருகிற இடம் எது என்று தேடிப்பார்த்தேன். கைப்பிடியின் உயரத்தைப் பற்றிச் சொல்கிற இடத்தில் வருகிறார், உயரமான அப்பாக்களுக்கும் வசதி என்று.

என் கணவர் உதவாதவர் இல்லை. பன்னிரண்டு வண்டிகளை ஒப்பிட்டு எக்செலில் அட்டவணையே போட்டுக் கொடுத்தார், சக்கரத்தின் விட்டம் வரை. "வீக்எண்டு முழுக்க நானே தள்றேன்" என்றார். "தள்றது சுலபம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூணு மணிக்குப் படியில யாரு?" என்று கேட்டேன். அட்டவணையில் அதற்கு ஒரு பத்தி இல்லை. அவர் வேலை செய்கிற இடத்தில், வாரத்தில் ஒருநாள் வேலையைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டு இப்போது மனு கொடுத்திருக்கிறார். அந்த மனுவை எழுத அவருக்கு, பிராம்களை ஒப்பிட்டதைவிட அதிக நாள் பிடித்தது.

நான் முன்பின் இருக்கை வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கினேன். 61 சென்டிமீட்டர், 13 கிலோ, 120 பவுண்டு. விற்ற பெண் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். கீழ்வீட்டு அக்கா, "ராவில எங்கட வாசலுக்க விடுங்கோ பிள்ளை, காலமை எடுக்கலாம்" என்றார். ஏற்றுக்கொண்டேன். ஆனால் அவர் தன் வீட்டுக்குள் இடம் ஒதுக்கித் தருவதை ஏற்பாடு என்று சொல்ல மனம் வரவில்லை. இன்னொரு பெண்ணின் பெருந்தன்மையைக் கொண்டு ஓட்டையை அடைக்கிற பழைய வழிதான் இதுவும்.

அதனால் கட்டடத்தை நிர்வகிக்கிற நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். ஏழு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதில் சக்கரம் வைத்த நடைச்சட்டத்தோடு நடக்கிற ஒரு முதியவரும், முட்டி அறுவை செய்துகொண்ட ஒரு பெண்ணும், சைக்கிளில் வேலைக்குப் போகிற இரண்டு இளைஞர்களும் இருக்கிறார்கள். தரைத்தளத்தில் பழைய சாமான்கள் கிடக்கிற அறையைக் காலி செய்து, தீப்பிடிக்காத கதவும் ஒரு பூட்டும் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு பதில் வந்தது. குழந்தை அதற்கு முன்பே வந்துவிடும் என்று தோன்றுகிறது. இரண்டாவது கடிதத்தை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன். தேதி மட்டும்தான் போட வேண்டும்.